நாலாவது பெட்டி

மே 28, திங்கள்

காலண்டரில் அக்னி நட்சத்திரம் இன்றோடு முடிகிறது. வெயிலுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் வலி. கிராம்பை அடக்கிக்கொண்டு அலுவலகம்.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து (இனி த.அ.; முழுதாக எழுத மை போதாது) கடிதம். பொருள்: நலிந்த பிரிவு இளைஞர்கள் வேலை பெற உதவும் திட்டங்களை மேம்படுத்துதல். எல்லா வேலைவாய்ப்பு அலுவலகங்களும் பத்து நாட்களுக்குள் ஆலோசனை அனுப்ப வேண்டும், மூன்று படிகள். ஆலோசனை இல்லாதவர்கள் 'ஆலோசனை இல்லை' என்று எழுதி அதையும் மூன்று படிகள் அனுப்ப வேண்டும்.

மேலாளர் ராஜமாணிக்கம் படித்துவிட்டு என் மேசைக்குத் தள்ளினார். "நீங்கதானே வேதாசலம், புஸ்தகமா படிக்கிறவர். எழுதுங்க." பதினெட்டு வருட சர்வீஸில் என் படிப்பால் விளைந்த முதல் பயன்.

இன்று கவுன்ட்டரில்:
- எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன்கள், ஒரு கூட்டம். நிழல் இல்லாததால் சர்டிபிகேட்டைத் தலைக்குப் பிடித்திருந்தார்கள். அதுவரை அதற்குக் கிடைத்த ஒரே உபயோகம்.
- வாலாஜாபாத்திலிருந்து ஒருவர், தலை முழுக்க நரை. இது இளைஞர்களுக்கான திட்டம் என்றேன். "பதிஞ்சப்ப நானும் இளைஞன்தான் சார்."

பல்பொடி தீர்ந்துவிட்டது. மனைவி சொல்லியும் வாங்க மறந்தேன்.

மே 29, செவ்வாய்

குழாயில் தண்ணீர் இல்லை. பக்கத்துத் தெருவுக்குப் போய் இரண்டு குடம்.

பதினொரு மணிக்கு எஸ்தர் வந்தாள். தாமல் ஊர். அப்பா அம்மா கூலி வேலை, சொந்தமாக நிலம் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. ஒரே தடவையில் தேறியவள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் தார் சுற்றுகிறாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் பட்டு நூலைச் சுற்றித் தரும் வேலை. ஆறு வருடமாக மாதம் ஒருமுறை வருகிறாள். "ஏதாச்சும் வந்துதா சார்?" "இல்லம்மா." எங்களுக்குள் இதுவரை நடந்த உரையாடல் முழுவதும் இதுதான்.

இன்று அதிகமாகப் பேசினாள். "எங்க ஊர்ல பால்வாடிக்குச் சுண்ணாம்பு அடிச்சிக்கினு இருக்காங்க சார். டீச்சர நம்ம ஆபீஸ் மூலமாத்தான் எடுப்பாங்களாம்."

உண்மைதான். காலைத் தபாலிலேயே வந்திருந்தது. தாமல் பால்வாடிக்கு ஓர் ஆசிரியை. எஸ்.எஸ்.எல்.சி., சுற்றுப்புறத்துப் பெண், ஜூலை முதல் தேதி இருபத்தைந்து நிறைந்திருக்கக் கூடாது. பதிவு மூப்புப்படி ஐந்து பெயர் அனுப்ப வேண்டும்.

"எனக்கு ஆகஸ்ட்டுல இருபத்தஞ்சு முடியுது சார். இந்த வாட்டி இல்லன்னா இல்ல."

முதல் பெட்டியில் தேடினேன். படித்தவர்களின் பதிவு அட்டைகள் எல்லாம் அந்த மரப்பெட்டியில்தான். எஸ்தர் இல்லை. அவள் பொறுமையாக நின்றாள். தனக்குப் பின்னால் பதிந்த ஒரு பெண் போன வருடமே வேலைக்குப் போய்விட்டதாகவும், குறை சொல்ல வரவில்லை, கேட்டுவிட்டுப் போகத்தான் வந்ததாகவும் சொன்னாள்.

அட்டை நாலாவது பெட்டியில் இருந்தது. 'நெசவும் நெசவு சார்ந்த தொழில்களும்'. தெரிந்த தொழில்: தார் சுற்றுதல். கையெழுத்து அழகாக இருந்தது. என்னுடையது.

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

மாலை. இதை எனக்கே விளக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. படிவத்தில் ஒரு கேள்வி: என்ன தொழில் தெரியும்? மற்ற ஊர்களில் 'ஒன்றும் தெரியாது' என்பார்களாம். இந்த ஊரில் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. தறி உள்ள வீட்டுப் பிள்ளை தறி என்கிறான். தறி இல்லாத வீட்டுப் பெண், தறி வீட்டில் கற்றதைச் சொல்கிறாள். தொழில் தெரிந்தவர்களைத் தொழில்வாரியாகப் பதிய வேண்டும் என்று அப்போது ஒரு சுற்றறிக்கை. பதிந்தோம். பட்டு ஊர், முதலில் திறக்கப்போவது அந்தப் பெட்டிதான் என்று நினைத்தேன். அவளுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன்.

நெசவாளர் வேண்டும் என்று இந்த அலுவலகத்துக்கு இதுவரை ஒரு கடிதம் வந்ததில்லை. நாலாவது பெட்டியை நாங்கள் திறப்பது புது அட்டை போடுவதற்கு. மற்றபடி ஆயுத பூஜை அன்று சந்தனம் குங்குமம் வைப்போம்.

மே 30, புதன்

மேலாளரிடம் (மே.) சொன்னேன். அட்டையைப் பெட்டி மாற்றலாமா?

"தாராளமா மாத்தலாம். ரூல்ஸ்ல இடம் இருக்கு. ஆனா தொழில் வகை மாறினா மூப்பு மாத்தின தேதியிலேருந்துதான்." அதாவது ஆறு வருடம் போய்விடும். முதல் பெட்டியில் இன்று சேர்ந்தால் கடைசி. ஐந்து பெயருக்குள் வர வேண்டுமானால் அவள் தார் சுற்றாமல் பிறந்திருக்க வேண்டும்.

தவறு நம்முடையது என்றேன். தவறு என்று எழுத்தில் கொடுத்தால் விளக்கம் கேட்பார்கள் என்றார். கேட்பது என்னைத்தான் என்பதையும் கனிவாகச் சொன்னார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு இன்னும் இரண்டு வருடம்தான் பாக்கி.

முடிவு: த.அ.வுக்கு எழுதித் தெளிவுரை பெறுவது. எழுதினேன். பெயர் பட்டியல் அனுப்பக் கடைசி நாள் ஜூன் 15. தெளிவுரைகள் பொதுவாக அடுத்த மழைக்காலத்தில் வரும்.

பல்: மோசம்.

மே 31, வியாழன்

சாப்பாட்டு வேளை. மற்றவர்கள் ஓட்டலுக்கு. எஸ்தரின் அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

'வேறு தொழில் அல்லது தகுதி' என்று இரண்டாவதாக ஒரு கட்டம். அதில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அட்டைக்கு ஒரு நகல் முதல் பெட்டிக்கும் போயிருக்கும். நான் அதில் கோடு போட்டிருக்கிறேன். வெற்றிடம் விட்டால் பின்னால் யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள் என்று கோடு போடச் சொல்லிக் கொடுத்தார்கள். மற்ற குமாஸ்தாக்கள் போட்டும் போடாமலும் இருப்பார்கள். நான் ஒழுங்கானவன். ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறேன்.

மேசையில் பிளேடு இருந்தது. மையைச் சுரண்டிவிட்டு ஒரு வரி எழுதினால் முடிந்தது. எழுதப்போவது பொய்யும் அல்ல, அவள் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் என்பதுதான். பிளேடைக் கையில் எடுத்தேன். பென்சில் சீவினேன்.

விதியை மீற மனமில்லை என்று இங்கே எழுதலாம். தைரியம் இல்லை என்பதும் அதே நீளம்தான்.

ஜூன் 2, சனி

ஆலோசனைகள், வரைவு:

1. படிவத்தில் 'என்ன தொழில் தெரியும்' என்பதற்குப் பதில் 'என்ன வேலை வேண்டும்' என்று கேட்கலாம். (இதுவரை யாரையும் கேட்டதில்லை.)
2. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு நடக்கும் நாளுக்கு முன்பே கிராமத்துக்குப் போய்ச் சேருமாறு அனுப்பலாம்.
3. நாலாவது பெட்டியில் உள்ள படித்தவர்களை முதல் பெட்டிக்கும் மாற்றலாம், பழைய பதிவுத் தேதி மாறாமல்.
4. கவுன்ட்டர் முன்னால் ஒரு கீற்றுப் பந்தல், ஒரு பெஞ்சு.

வீட்டில் சரோஜாவிடம் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அப்போ அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைக்குமா?" இது நீண்டகாலச் சீர்திருத்தம் என்றேன். "அந்தப் பொண்ணுக்கு ஆகஸ்டு வரைக்கும்தானேங்க." கீரையில் புல் கலந்திருப்பதாக அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள். என்னால் போக முடியவில்லை.

ஜூன் 3, ஞாயிறு

ஆலோசனை 3க்கு ஆதாரம் வேண்டும் என்று பிள்ளையார்பாளையம் போனேன். எஸ்தர் வேலை செய்யும் வீடு. நெசவாளர் நாகய்யா, மூன்று தறி. வீட்டில் தெலுங்கு, வெளியாரிடம் தமிழ். ஞாயிறானாலும் ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது.

அலுவலகம் மூலமாக எப்போதாவது ஆள் கேட்டதுண்டா என்றேன். தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார் நீங்க. பக்கத்து வூட்ல ஒரு கொரல் குடுத்தா ஆள் வந்துடுது. உங்களாண்ட கேட்டா மொதல்ல நான் இன்னா படிச்சிருக்கேன்னு கேப்பீங்க."

ஆதாரம் கிடைத்தது. மோர் கொடுத்தார்கள்.

எஸ்தரைப் பற்றி அவரே சொன்னார். "அந்தப் பொண்ணுக்கு நல்ல கை சார். நூலு அறுக்காது. எங்கயாச்சும் அனுப்பிடாதீங்க." அனுப்ப மாட்டோம், கவலைப்பட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மோரைக் குடித்தேன்.

உள்ளே அவள் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லையா என்றேன். போய்விட்டுத்தான் வந்தாளாம், அவசரப் புடவையாம். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். ராட்டை தானாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. வேலை வந்துவிட்டது, சொல்லத்தான் வீடு தேடி வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சும்மா இந்தப் பக்கமாக வந்தேன் என்றேன். "பரவாயில்ல சார்" என்றாள். என்ன பரவாயில்லை என்று புரிய, திரும்பி வரும் வழியில் ஒத்தவாடைத் தெரு முழுக்க ஆயிற்று.

ஜூன் 7, வியாழன்

வரதருக்குக் கருட சேவை. விடியற்காலையிலிருந்து ஊர் முழுக்க வெளியூர் ஜனம். அலுவலகத்தில் நானும் மே.யும், வேறு இரண்டு பேரும். மூன்று படி டைப் அடித்தேன். பழைய கார்பன். முதல் படி நன்றாக இருக்கிறது, அது எங்கள் ஃபைலுக்கு. மூன்றாவதில் எழுத்தே தெரியவில்லை, அது த.அ.வுக்கு.

ஆலோசனை 3ன் கடைசி மூன்று சொற்களுக்கு அடியில் கையால் கோடு இழுத்தேன்: பதிவுத் தேதி மாறாமல். மூன்றாம் படியில் அந்தக் கோடு மட்டும் தெளிவாகத் தெரியும்.

ஜூன் 9, சனி

பல்லைப் பிடுங்கியாயிற்று. பல் டாக்டர் வேறொரு பல்லையும் சந்தேகிக்கிறார். இரண்டு நாள் கஞ்சி.

ஜூன் 11, திங்கள்

சென்னையிலிருந்து உயர் அதிகாரி வந்தார். ஆலோசனைகளை நேரில் கேட்டறியச் சுற்றுப்பயணம். ஜீப், ஒரு உதவியாளர், தெர்மாஸ் பிளாஸ்க். முதல் வேலையாகக் கவுன்ட்டருக்குப் போய் இளைஞர்களோடு கலந்துரையாடினார். தென்னேரிப் பையன் ஒருவனிடம், "தம்பி, உன் லட்சியம் என்ன?" "மூணு மணி பஸ்ஸு சார்." உதவியாளர் குறித்துக்கொண்டார்.

பிறகு மே. அறையில் ஆலோசனைகள். கன்னம் வீங்கியிருந்ததால் நான் ஒரு பக்கமாகவே நின்றேன்.

1ஐப் பாராட்டினார். ஆனால் அச்சடித்த பழைய படிவங்களின் கையிருப்பு தீர்ந்த பிறகுதான் புதிது. கையிருப்பு எவ்வளவு என்று மே.யைக் கேட்டார். நம் ஆயுளுக்கு வரும் என்றார் மே., பணிவாக.

2 தபால் இலாகா சம்பந்தப்பட்டது. 4 பரிசீலனையில். பெஞ்சு மட்டும் வரலாம்.

3ஐ இரண்டு முறை படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். மே. என்னைக் காட்டினார். "எக்ஸலன்ட். இந்த மாதிரிதான் கீழேயிருந்து வரணும். உடனே செய்யலாம்." எனக்கு ஒரு நிமிடம் பல் வலி நின்றது. பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, நான் அடிக்கோடிட்ட மூன்று சொற்களை அடித்தார்.

"பழைய தேதியக் குடுத்தா முதல் பெட்டியில இருக்கிறவன் சும்மா இருப்பானா? நாளைக்குக் கோர்ட்டுக்குப் போவான். எல்லாருக்கும் புதுத் தேதி போடுங்க. யாருக்கும் அநியாயம் இல்ல பாருங்க."

"சார்" என்றேன். அதற்கு மேல் என்னிடம் இருந்த வாக்கியங்கள் எல்லாம் எழுத்துத் தமிழில் இருந்தன.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் தொல்லை. முதல் பெட்டியில் இருப்பவர்களும் இல்லாதவர்கள்தான்.

மே. என் கையைக் குலுக்கினார். நம் அலுவலகத்தின் பெயர் சென்னை வரை போய்விட்டதாம்.

ஜூன் 14, வியாழன்

தாமலுக்கு ஐந்து பெயர் அனுப்பியாயிற்று. நான்தான் எழுதினேன். எழுதும்போது ஒருமுறை எஸ்தர் பெயரை முதல் இடத்தில் மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். பழைய தேதிப்படி அங்கேதான் வந்திருப்பாள். மே. கையெழுத்து, முத்திரை, தபால்.

முதல் பெயர் ஓரிக்கைப் பெண். நாலு வருடமாகக் காத்திருப்பவள். அப்பா இல்லை. அவளுக்குக் கிடைத்தால் மகிழ்ச்சிதான். இப்படி மகிழ்ந்துகொண்டேதான் பதினெட்டு வருடம் ஓடியிருக்கிறது.

ரேஷனில் சர்க்கரை இல்லை.

ஜூன் 18, திங்கள்

ஆணை வந்துவிட்டது, ஏழே நாளில். என் சர்வீஸில் த.அ. இவ்வளவு வேகமாக எதையும் செய்து பார்த்ததில்லை. 'நலிந்த பிரிவு இளைஞர்களின் நலன் கருதி' நாலாவது பெட்டியில் உள்ள படித்தவர்கள் அனைவரும் முதல் பெட்டிக்கு, ஆணைத் தேதியிட்டு. ஒவ்வொருவரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். இணைப்பாக, நான் மே 30 அன்று கேட்ட தெளிவுரை: மேற்படி ஆணையைக் காண்க.

எஸ்தர் ஒருத்திக்காக எழுதப் போய், பெட்டி முழுவதற்கும் மூப்பு போயிற்று. இதைச் செய்து முடிக்க மே. என்னையே நியமித்திருக்கிறார். ஆலோசனை என்னுடையதாம், பெருமையும் எனக்கே சேர வேண்டுமாம்.

ஜூன் 19, செவ்வாய்

முதல் ஆளாக எஸ்தர் வந்தாள். நேற்றே நான் எழுதிப் போட்ட தபால் அட்டையைக் கையில் பிடித்திருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். தாமலுக்குப் பட்டியல் போய்விட்டது, அதில் அவள் இல்லை. பெட்டி மாறுகிறது, ஆறு வருடம் கணக்கில் வராது. ஆறு வருடத்துக்கு முன் அந்த அட்டையை எழுதியவன் நான்.

"தெரியும் சார். அன்னிக்கு நீங்கதான் ஒக்காந்திருந்தீங்க. என் கையெழுத்து நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க."

தபால் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள். "அந்தப் பெட்டியில இருந்தா எப்பவுமே வராது. இந்தப் பெட்டியில இருந்தா எப்பவாச்சும் வரும். அவ்ளோதானே சார்?"

இந்த ஆணையை இவ்வளவு சரியாக த.அ.விலும் யாரும் சுருக்கிச் சொல்லியிருக்க முடியாது. ஆமாம் என்றேன். சில வேலைகளுக்கு வயது முப்பது வரை உண்டு என்றும் சொன்னேன். புது மூப்புப்படி அவள் முறை வர அதற்கும் மேலே ஆகும் என்பதைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருக்காது. கணக்கில் நல்ல மார்க், அட்டையிலேயே இருக்கிறது.

கையெழுத்துப் போட்டாள். நான் கோபத்தை எதிர்பார்த்து, அதற்கு ஏற்ற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் பேனாவை மூடி என் பக்கம் வைத்தாள். "நீங்க ஒரு நாள் தறி வூட்டாண்ட வந்தீங்களே சார், அப்ப இதுக்குத்தான் அலைஞ்சிக்கினு இருந்தீங்களா?" ஆமாம் என்று தலையாட்டினேன். "எங்களுக்காக யாரு சார் இவ்ளோ செய்றாங்க" என்றாள். கிண்டல் இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மத்தியானத்துக்குள் இன்னும் எட்டுப் பேர். எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

ஜூன் 20, புதன்

பெஞ்சு வந்தது. வெயிலில் போட்டிருக்கிறார்கள். யாரும் உட்கார முடியவில்லை.

ஜூன் 22, வெள்ளி

லேசான மேகம். மழை இல்லை.

பெட்டியில் பாதி முடிந்தது. சிலர் மாறாமல் நாலாவதிலேயே இருக்கிறோம் என்கிறார்கள், ஏதோ ஒரு தேதியாவது பழையதாக இருக்கட்டுமாம். ஆணையில் அதற்கு இடமில்லை.

மூன்று மணிக்கு எஸ்தர். கூடத் தங்கை ரூத், இந்த வருடம்தான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். புதுப் பதிவு. எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய ஜடை, மடித்த சர்டிபிகேட்டு, பதில் சொல்ல ஆசை. பழைய படிவத்தில் ஒன்றை எடுத்துப் பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் கேட்டு எழுதினேன். அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். கேட்டேன். என்ன தொழில் தெரியும்?

"தையல் தெரியும் சார். தாரு சுத்துவேன். டைப்பு லோயர் எழுதப் போறேன், அப்புறம்..."

எஸ்தர் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக்கோங்க சார்."

"அக்கா, எனக்கு..."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

ரூத் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்த முகம். நான் விளக்கியிருக்கலாம். 'ஒன்றும் தெரியாது' என்று எழுதித் திருப்பி வைத்தேன். ரூத் கையெழுத்துப் போட்டாள். எஸ்தர் குனிந்து அந்த வரியை ஒருமுறை படித்துப் பார்த்தாள். சரியா இருக்குது சார் என்றாள்.